பல்லாவரத்துக் கல்லும் பொதிகை மலைப் பறவைகளும்

கல்கத்தா நகரத்தை நிறுவியவர் என்று நெடுங்காலம் பேசப்பட்டு வந்த ஜாப் சார்னாக்கின் சமாதி, அந்நகரத்துப் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன்மேல் பதித்த கரிய கற்பலகை நம் பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் சேர்ந்த குன்றுகளின் கல் என்பதும், 1893ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் அதைச் சோதித்து, அந்தப் பாறைவகைக்குச் சமாதியில் உறங்குகிறவரின் பெயரையே சூட்டிச் ‘சார்னாக்கைட்’ என்று வழங்கினார் என்பதும் நம்மூர்க்காரர்களில் சிலருக்கேனும் தெரிந்த செய்தியாக இருக்கலாம். அவ்வளவாகப் பரவாத செய்தி ஒன்று உண்டு: அதே ஹாலந்து தென்னாட்டு மலைகளை ஆராய்ந்து 1900இல் வெளியிட்ட நூலில், நீலகிரியும் பழனிமலையும் சேர்வராயனும் இதே பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிறுவினார். ஆகவே பழைய பல்லாவரத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறவரின் கடப்பாரையில் தட்டுப்படும் நீலக்கருமையான கல்லும், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாகத்தில் மேகங்களைத் தடுத்து நிறுத்தி மழையாக இறக்குகிற சிகரங்களைத் தாங்கும் கல்லும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கல் ஒன்றாயினும் மழை ஒன்றன்று. இங்கே முட்புதரும் ஈச்சையும் முளைத்த அதே பாறையின்மேல், அங்கே பகலிலும் இருள் பிரியாத மழைக்காடு வளர்ந்தது.

மழைக்காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் சித்தம் அமேசானுக்கும் காங்கோவுக்கும் பறந்துவிடுகிறது. நம் மாநில எல்லைக்குள்ளேயே, ஓரிரவு ரயில் பிரயாணத்தில் சென்று சேரக்கூடிய தூரத்தில், உலகத்தில் வேறெங்கும் வாழாத பட்சிகளைத் தன்னகத்தே வைத்திருக்கும் மழைக்காடு இருக்கிறது என்பது படித்தவர்களிடையேகூடப் பரிச்சயமான விஷயமாக இல்லை. வேடந்தாங்கலை அறியாத பள்ளிப் பிள்ளை தாம்பரத்தில் இருக்க முடியாது; கரிக்கிலியை அறிந்தவர்களும் உண்டு; 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு பள்ளிக்கரணையின் பெருமையும் ஊரறிந்ததாயிற்று. ஆனால் நீர்ப்பறவைகளின் கதை வேறு. அவை வெட்டவெளியில் கூட்டமாக அமர்ந்து, பார்க்க வந்தவருக்குத் தம்மைத் தாமே காட்டிக்கொள்கிற இயல்புள்ளவை. மழைக்காட்டுப் பறவையோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை; அதனாலேயே அது நம் பேச்சிலும் எழுத்திலும் பாடப்புத்தகத்திலும் இடம்பெறாமல் போயிற்று என்று கருதுகிறேன்.

இருந்தும், அந்தக் காட்டை நோக்கிச் செல்லும் ஒரு தூதர் ஆண்டுதோறும் நம் கொல்லைப்புறத்துக்கு வந்துபோகத்தான் செய்கிறார். ஐப்பசி பிறக்கும் சமயத்தில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் வட்டாரங்களில் கிணற்றடியிலோ வாழைமரத்தின் கீழோ காக்கைகள் கூடிக் கூச்சலிட்டு ஏதோ ஒன்றைத் துரத்துவதைப் பார்த்தால் அலட்சியம் செய்துவிடக் கூடாது. பச்சை முதுகும் மஞ்சள் பழுப்பு மார்பும், வயிற்றடியில் குங்குமச் சிவப்பும், சிறகில் மின்னும் நீலமும், கண்ணின் குறுக்கே தீட்டிய கறுப்புப் பட்டையுமாக, வாலே இல்லையோ என்று ஐயுறும்படி குறுகிய வாலோடு ஒரு பறவை சருகுக்குள் பதுங்கியிருக்கும். அதுதான் ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழிப்பதற்காக இரவு நேரங்களிலேயே பறந்துவரும் அது, களைத்துப்போன இடத்தில் இறங்குகிறது. இறங்கிய இடம் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியாக இருந்தால் பிழைப்பது கடினம்; சருகு பெருக்காத ஒரு தோட்டமாக இருந்தால் புழுவும் பூச்சியும் பொறுக்கித் தின்று, இரண்டொரு நாள் தங்கி, விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாக ஒலித்துவிட்டுப் பயணத்தைத் தொடரும். அதே காலத்தில் வாலைப் பிற வாலாட்டிகளைப்போல் மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைக்கிற காட்டு வாலாட்டியும், செம்பழுப்பு உடலும் நாடாப் போன்ற வாலுமுடைய அரசவால் ஈபிடிப்பானும் இவ்வழியே செல்கின்றன. இவற்றில் பல சென்றடையும் இடங்களில், தென்மலைகளின் பசுமைமாறாக் காடுகளும் அவற்றை ஒட்டிய காப்பித் தோட்டங்களும் அடங்கும்.

அங்கே அவற்றைத் தேடிச் செல்கிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கண்ணை நம்பாமல் இருப்பது. நூறடிக்கு மேல் உயர்ந்த விருட்சங்களின் உச்சியில் இலைகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கூரையிட்டிருக்க, அதன்கீழ் இரண்டாம் அடுக்கும், அதன்கீழ் பிரம்பும் ஈற்றையும் ஏலமுமாக மூன்றாம் அடுக்கும் செறிந்திருக்க, தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது இலையின் அடிப்புறமும் துண்டு துண்டான ஆகாயமுமே. புதிதாகச் செல்கிறவர்கள் மணிக்கணக்கில் நடந்தும் ஒரு சிறகைக்கூடக் காணாமல், அட்டைக்கு இரத்த தானம் செய்ததுதான் மிச்சம் என்று மனம் நொந்து திரும்புவது சாதாரணம். காலுறையின்மேல் அட்டை புகாத துணியுறை கட்டிக்கொண்டு, ஓரிடத்தில் அசையாமல் நிற்கப் பழகியவருக்குத்தான் காடு பேசத் தொடங்கும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சீகாரப் பூங்குருவியின் நீண்ட, தாளம் தப்பித் தப்பி வரும் சீழ்க்கை எழும். கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் அசையாத தீக்காக்கை, மார்பின் செந்நிறத்தை மறுபுறம் திருப்பி வைத்துக்கொண்டு, மெல்லிய அடிக்குரலில் தன் இருப்பை உணர்த்தும். பகலெல்லாம் காய்ந்த இலைக்கொத்தென்றே எண்ணும்படி ஜோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும் தவளைவாயன், கையெட்டும் உயரத்தில் இருந்தாலும் தெரியாமலே போகும்.

இப்படி நெடுநேரம் ஒன்றுமில்லாத அமைதி நிலவிய பிறகு, திடீரென்று நான்கு புறமும் குரல்கள் கேட்கத் தொடங்கும். மரப்பட்டையைத் துருவும் பசையெடுப்பான், கிளைதோறும் தாவும் மின்சிட்டு, இலையடியில் பூச்சி பிடிக்கும் ஈபிடிப்பான், புதரைக் கலைக்கும் சிலம்பன், மரங்கொத்தி என்று பல இனத்துப் பறவைகள் ஒரே திசையில், ஒரே கூட்டமாக நகர்ந்து, சில நிமிஷங்களில் கடந்துபோய்விடும். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் பேராசிரியர் சரத் கொட்டகம 1981இல் தொடங்கிய அவதானிப்புகள் இத்தகைய கூட்டங்களைப் பற்றி உலகத்துக்கே அறிவூட்டியவை. அங்கே ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகளும், 11 அல்லது 12 இனங்களும் இருக்கின்றன. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கூட்டத்தின் கருவாக நின்று முன்னே செல்ல, கொண்டைக் கரிச்சான் காவலனாக உடன் வருகிறது. வல்லூறு தென்பட்டால் கரிச்சான் எழுப்பும் அபயக்குரலைக் கேட்டு மற்றவை ஒளிந்துகொள்கின்றன. மற்றவை கலைத்துவிடும் பூச்சிகளைக் கரிச்சான் பறந்து பிடிக்கிறது. இந்தியப் பகுதியில் இப்பணியைச் செய்யும் துடுப்புவால் கரிச்சான், பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துப் பேசுவதில் நிகரற்றது. இந்தச் சிங்கராஜ வனம் 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் வைத்து வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. மக்களின் எதிர்ப்பால் அது நின்று, 1988இல் உலக மரபுச் சின்னமாயிற்று. வெட்டு நின்ற சில ஆண்டுகளிலேயே கொட்டகம தம் கணக்கைத் தொடங்கினார் என்பதை எண்ணும்போது, காயம்பட்ட காட்டையும் பொறுமையோடு பார்க்க ஒருவர் வேண்டும் என்ற உணர்வு எழாமல் இராது.

நம்முடைய காயம்பட்ட காடு வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டைஊசி வளைவுகள் ஏறிச் சென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி மழைக்காட்டைத் திருத்தி வெள்ளையர் உண்டாக்கிய தேயிலைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுரக் கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் சூழ்ந்திருக்க, நடுவில் தேயிலைக்கும் காப்பிக்கும் இடையே வெட்டாமல் விட்டுப்போன மழைக்காட்டுத் துண்டுகள் நாற்பதுக்குக் குறையாமல் சிதறியிருக்கின்றன. அவற்றுள் சில நம் பல்லாவரத்துத் தெருக்கள் சிலவற்றைச் சேர்த்தால் வரும் அளவினதே. பயணிகள் தேயிலையின் பசுமையைப் புகைப்படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் துண்டுகளில்தான் மலை இருவாச்சி கூடு கட்டுகிறது.

இருவாச்சியின் குடும்ப வாழ்க்கையைக் கேட்டறியாதவர்கள் இருக்கக் கூடாது என்பதற்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். முதிர்ந்த பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்த பெண் பறவை, தன் எச்சத்தையும் உணவுக் கூழையும் குழைத்து வாயிலை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டு, அலகு மட்டும் நுழையும் ஒரு பிளவை மிச்சம் வைக்கிறது. உள்ளே முட்டையிட்டு, தன் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கும் மேலாகச் சிறையிருக்கிறது. அத்தனை நாளும் ஆண் பறவை அத்திப்பழங்களையும் பிற கனிகளையும் சில சமயம் ஓணானையும் கொண்டுவந்து பிளவின் வழியே ஊட்டுகிறது. அந்த ஆணை ஒருவன் சுட்டுவிட்டால் அந்தக் குடும்பமே சிதைந்துபோகும். 1990களின் தொடக்கத்தில் ஆனைமலையில் ரகுபதி கண்ணன் இக்கூடுகளின் அருகே பல மாதங்கள் காத்திருந்து எழுதிய குறிப்புகள்தாம் தென்னாட்டு இருவாச்சியைப் பற்றிய முதல் விரிவான ஆய்வுகளில் இடம்பெறுவன. அவருக்கும் முன்பே, எந்த மரத்தில் எந்த ஆண்டு கூடு என்பதைக் காடர் குடிகள் அறிந்திருந்தார்கள். இன்று எல்லைக்கு அப்பால் வாழச்சால் காடுகளில் அந்தக் காடர்களே கூடுகளுக்குக் காவலராயிருக்கிறார்கள். விழுங்கிய கனிகளின் பெரிய விதைகளைத் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் சென்று உமிழ்வதால், அடுத்த தலைமுறைக் காட்டை நடுகிற உழவனும் இருவாச்சியே.

ஆனால் தேயிலைக்கு நடுவே சிக்கிய துண்டுகளில், உண்ணிச்செடியும் பிற அந்நியச் செடிகளும் மண்டிப்போனால் இருவாச்சி உமிழ்ந்த விதையும் முளைத்து மேலெழ முடிவதில்லை. இதைக் கண்ட திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் சார்பில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வால்பாறையில் தங்கி, தோட்டக் கம்பெனிகளின் இணக்கத்தைப் பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மர இனங்களின் நாற்றுகளை வளர்த்து, களையை நீக்கி, அந்தத் துண்டுகளில் நட்டு வருகிறார்கள். தானே தேறட்டும் என்று விட்ட காட்டுத் துண்டுகளையும், இவ்வாறு மனித முயற்சியால் தேற்றிய துண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், தேற்றிய இடங்களிலேயே மழைக்காட்டுக்கு உரிய பறவைகள் மிகுதியாகத் திரும்பியிருப்பது தெரியவந்தது. காட்டுக்குரிய மரம்தான் காட்டில் நிற்க வேண்டும், அந்நிய மரம் கூடாது என்று மயிலாப்பூரிலிருந்து ஆயுள் முழுவதும் வாதாடிய மா. கிருஷ்ணன் 1996இல் மறைந்தார். இந்தப் பணியைக் காண அவர் இருந்திருக்கலாகாதா என்று நான் எண்ணியதுண்டு.

சிறு துண்டுக் காடும் காக்கத்தக்கது என்னும் வால்பாறையின் செய்தி நம் புறநகருக்கும் பொருந்தும். மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு ஏறத்தாழ 320 ஹெக்டேர். அதன் கைவிடப்பட்ட கற்குவாரிகளின் விளிம்பில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது கிடைத்த 365 ஏக்கர் வளாகம், நெடுஞ்சாலையும் ரயிலும் விமானமும் சூழ்ந்த நடுவில் இன்றும் காடாக இருக்கிறது. உலக்கைப்பாலையும் காசாவும் வளரும் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்னும் அபூர்வ வகை, மழைக்காட்டுக்கு ஒரு தாயாதி உறவு. அதுவும் துண்டு துண்டாகவே பிழைத்திருக்கிறது. பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வகிர்ந்து துரைப்பாக்கத்துக்குச் சாலை போட்டபோது நாம் வாளாவிருந்தோம். சிறிய இடம்தானே என்ற நினைப்பே நம் பெருங்கேடு. வலசைப் பறவைக்கு இடம் பெரியதா சிறியதா என்பதைவிட, அது இறங்குகிற இரவில் அங்கே இருக்கிறதா என்பதே கேள்வி. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூண்டுக்குள்ளிருக்கும் லவ்பேர்ட்ஸ் முன்னால் குழந்தைகள் கூடி நின்று வியப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, பறவையின்மேல் இவ்வூர் மக்களுக்குப் பிரியம் இல்லை என்று சொல்ல மனம் வராது. அந்தப் பிரியத்தை ஐப்பசி மாதத்தில் கொல்லைப்புறத்துச் சருகின் பக்கம் திருப்பவேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையைப் பெருக்காமல், வெட்டாமல், விளக்கு வைக்காமல் விட்டுவைக்க மனங்கொள்ள வேண்டும்.

கொல்லைப்புறத்தில் கண் பழகியவர்கள் மலைக்கும் ஒருமுறை சென்றுவருதல் நலம். எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரத்தில் நின்று நம்மை ஏற்றிக்கொள்ளும் பொதிகை விரைவு வண்டி, மறுநாள் காலை செங்கோட்டையில் கொண்டுபோய் விடுகிறது. அந்த வண்டி முடிகிற இடம், பறவை சாஸ்திரத்தில் ஒரு முக்கியமான எல்லைக்கோடு என்பதை அதில் பயணம் செய்கிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்! மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுபட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டையில் அதைவிடக் குறுகலாக ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதனுக்கு அது சாலையும் ரயிலும் கேரளத்துக்குச் செல்லும் வசதியான வழி. மலையுச்சியின் குளிரிலும் சோலையின் நிழலிலும் மட்டுமே வாழப் பழகிய சிறு பறவைக்கோ அந்த வெப்பமான தாழ்நிலம் கடக்க முடியாத கடல். இடைவெளியின் இரு கரையிலும் பிரிந்துபோன குடும்பங்கள் யுகக்கணக்கில் ஒன்றையொன்று காணாமல் வாழ்ந்து, தனித்தனி இனங்களாகவே ஆகிவிட்டன. வி. வி. ராபினும் அவருடைய சகாக்களும் மரபணுவையும் பாட்டையும் உருவத்தையும் ஒப்பிட்டு 2017இல் இதை வெளியிட்டார்கள். கிளியினத்தைச் சேராத, ஆனால் ‘சோலைக்கிளி’ என்றே இப்போது வழங்கும் நீலநிறச் சிறு பறவையில், பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரி இனம், இரண்டு இடைவெளிகளுக்கும் நடுவே ஆனைமலையிலும் பழனியிலும் வெள்ளை வயிற்று இனம், செங்கோட்டைக்குத் தெற்கே அதுவரை அறிவியல் பெயரே பெறாதிருந்த அசம்பு இனம் என்று மூன்று உண்டு. சிரிப்பான் பறவைகளும் இவ்வாறே பிரிந்திருக்கின்றன. அவற்றில் நீலகிரிச் சிரிப்பானை 1839இல் முதலில் வருணித்தவர், சென்னை ராஜதானியில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன். அவர் தொடங்கிய கணக்கு, 178 ஆண்டுகளுக்குப் பிறகும் முடியாமல், புதிய இனத்தையும் புதிய பேரினங்களையும் சேர்த்துக்கொண்டே போகிறது என்றால், நம் மலைகளை நாம் இன்னும் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

அசம்பு இனங்களின் இருப்பிடமான அகத்தியமலைக் காடுகளின் தமிழகப் பகுதி பெரும்பாலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே சஞ்சரிக்க இயலாது. அந்தக் கட்டுப்பாட்டைக் குறைகூறுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அண்மைக் காலத்தில், கைப்பேசியில் பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, எதிரி வந்துவிட்டான் என்று நம்பி ஓடிவரும் பறவையைப் படமெடுக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையவைப்பது பறவை பார்ப்பதாகாது. குரலைக் கேட்டு, இருப்பை அறிந்து, காணாமலே திரும்பினாலும் அது நிறைவான அனுபவமே.

மணிமுத்தாறுக்கு மேலே இந்தக் காட்டின் நடுவில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் காக்காச்சிக் காட்டில் வெடிப்பலா பூக்கும் காலத்தில் சிங்கவால் குரங்கும் மலை அணிலும் பழந்தின்னி வௌவாலும் பறவைகளும் அந்த மரத்தையே அண்டியிருப்பதை, மரவுச்சியில் ஏறி இருந்து டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் 8,373 ஏக்கர். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024இல் தோட்ட வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. தேயிலையைக் காடாக்க வேண்டும் என்பவர்களும், தொழிலாளர் வாழ்வைக் காக்க வேண்டும் என்பவர்களும் எதிரெதிர் அணியில் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நிற்கத் தேவையில்லை. பராமரிப்பின்றி விட்ட தேயிலை தானே மழைக்காடாகிவிடாது. களையெடுத்து, உள்நாட்டு மரக்கன்றை வளர்த்து, நட்டு, ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டும் என்பதை வால்பாறை காட்டியிருக்கிறது. அந்த வேலைக்கு அந்த மலையின் சரிவையும் மழையையும் மண்ணையும் அறிந்த கைகள் வேண்டும். அந்தத் தொழிலாளர்களை மீண்டும் அழைத்து, முறையான ஊதியமும் குடியிருப்பும் தந்து, இந்தப் பணியில் அமர்த்தும் திட்டம் ஒன்றை 2028க்கு முன்பே அரசு வகுக்குமானால், அசம்பு மலையின் சிரிப்பானுக்கும் சோலைக்கிளிக்கும் இழந்த இடத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். இறக்கி அனுப்பப்பட்ட தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிறந்து வளர்ந்த மலையில் வேலை கிடைக்கும்.